சமையலறை மேசையில் பிறந்த பலூன்: டாக்டர் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக்

நம்மில் பலருடைய இல்லங்களில் திரு இருதய ஆண்டவரின் படம் மாட்டப்பட்டிருக்கிறது. மாலை நேரத்தில் அதன் முன் விளக்கேற்றி ஜெபமாலை சொல்கிறோம். அன்பும் இரக்கமும் பொறுமையும் இருதயத்தில் குடியிருப்பதாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். டாக்டர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். இருதயம் என்பது மடக்கிய கை அளவுள்ள ஒரு தசைப் பை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிந்து உடம்பெங்கும் இரத்தத்தை அனுப்பும் உறுப்பு. ஊருக்கெல்லாம் படியளக்கும் அந்த இருதயத்துக்கும் சாப்பாடு வேண்டுமே! அதற்கென்று தனியே இரத்தக் குழாய்கள் உண்டு. ஒரு மகுடத்தைப் போல இருதயத்தைச் சுற்றிப் படர்ந்திருப்பதால் அவற்றுக்கு மகுடத் தமனிகள் என்று பெயர். பெரிய பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். நீங்கள் எழுதும் பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் எவ்வளவு பருமனோ, அவ்வளவுதான் அவற்றின் பருமன்.

அந்தச் சிறு குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் மார்பில் வலி எடுக்கிறது. முற்றிலும் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. இன்று நம் மாணவியரின் தாத்தாக்களோ பாட்டிகளோ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், பலூன் வைத்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் அவரை மனநல டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள். இருதயத்தின் ரீஃபில் பருமனுள்ள குழாய்க்குள் ஒரு பலூனைச் செலுத்தி ஊதிய முதல் மனிதரின் கதையை இவ்வாண்டு மலரில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவர் பெயர் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக்.

அவர் பிறந்தது 1939ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில். இரண்டு மாதம் சென்றதும் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அந்தப் போர் குழந்தையின் தந்தையைத் திரும்பத் தரவில்லை. விஞ்ஞானம் படித்த அவர் பள்ளி ஆசிரியர். போர்க்காலத்தில் விமானப் படையின் வானிலைப் பிரிவில் பணியாற்றியவர். மேகத்தையும் காற்றையும் கணித்துச் சொல்வது அவருடைய வேலை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் அது மனத்தை உறுத்தும்.

ஆந்திரேயாசையும் அவருடைய சகோதரர் யோஹான்னசையும் வளர்த்து ஆளாக்கியவர் தாயார்தாம். போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிளவுபட்டது. 1950இல் அந்தக் குடும்பம் கடல் கடந்து அர்ஜென்டினாவுக்குச் சென்று பார்த்தது. சில காலத்திலேயே திரும்பி வந்து கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் குடியேறியது. அங்கே ஆந்திரேயாஸ் படித்தது பெயர் பெற்ற புனித தோமையார் பள்ளி. இசைமேதை செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750 வரை பாடகர் குழுவை நடத்திய பள்ளி அதுவே. நம் கோவில் பாடகர் குழுப் பெண்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும் என்பதற்காகவே இதைச் சேர்க்கிறேன். படிப்பில் ஆந்திரேயாஸ் முன்னணியில் நின்றார். பள்ளி முடிந்ததும், பெர்லினில் சுவர் எழும்புவதற்கு முன்பே, மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1964இல் தேறினார்.

இனி, அவருக்கு முன் இந்தப் பாதையில் நடந்த இருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1929ஆம் ஆண்டு. ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் இருந்தார். கை நரம்பின் வழியாக ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை இருதயம் வரை செலுத்தலாம் என்பது அவர் எண்ணம். அப்படிச் செய்தால் ஆள் செத்துப்போவான் என்று அந்நாளில் எல்லாரும் நம்பினார்கள். தலைமை டாக்டர் அனுமதி மறுத்தார். அறுவைச் சாமான்களின் சாவி கெர்டா டிட்சன் என்ற தாதியிடம் இருந்தது. ஃபோர்ஸ்மன் அவரிடம் தம் கருத்தை விளக்கினார். அந்தத் தாதி பயப்படவில்லை. சோதனையைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும்படி முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அவருக்குத் தெரியாமல் தம் கையையே கீறிக் குழாயை உள்ளே செலுத்திக்கொண்டார். பிறகு கட்டை அவிழ்த்து, அவரையும் அழைத்துக்கொண்டு, கையில் குழாய் தொங்கப் படி இறங்கி எக்ஸ்ரே அறைக்குப் போனார். குழாயின் முனை இருதயத்துக்குள் இருப்பது படத்தில் தெரிந்தது. அவர் சாகவில்லை. 1956இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. தம் உடலைப் பணயம் வைக்கத் துணிந்தவர், அந்த வேறு துணிச்சல் தேவைப்பட்ட காலத்தில் தவறான பக்கம் நின்றார். தாமே முன்வந்து மேசையில் படுத்த கெர்டா டிட்சனின் பெயரை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன? நம் மலராவது சொல்லட்டும்.

அடுத்தவர் அமெரிக்கர், சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று, ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், 82 வயது மூதாட்டி ஒருவரின் காலுக்கு வைத்தியம் செய்தார். இரத்தம் போகாமல் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை வெட்ட வேண்டும் என்று மற்ற டாக்டர்கள் சொன்னதற்குப் பாட்டி சம்மதிக்கவே இல்லை. டாட்டர் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை வரிசையாகத் தமனிக்குள் நுழைத்து அடைப்பை விலக்கினார். கால் பிழைத்தது. பாட்டி வாழ்ந்த வரையில் தம் சொந்தக் கால்களாலேயே நடந்தார். ஆனாலும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் டாட்டரை ஏளனமாகவே பார்த்தனர். அவர் வித்தையை ஐரோப்பியர் சிலர்தாம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டவர்களிடம் போய்க் கற்றவர் குருன்ட்சிக். 1969இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்ப் பிரிவில் சேர்ந்தார். அதற்கு முன் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது நோயாளி ஒருவர் அவரிடம், வீட்டுத் தண்ணீர்க் குழாயில் அடைப்பு வந்தால் பிளம்பர் வந்து துடைத்துச் சரிசெய்கிறாரே, என் காலுக்கு ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்டாராம். கேள்வி எளிமையானது, அது அவர் மனத்தில் தைத்துவிட்டது.

டாட்டரின் முறையில் ஒரு குறை இருந்தது. பருமனான குழாயைத் தள்ளினால், மண்வெட்டி மண்ணைத் தள்ளுவதைப் போல, அடைப்பின் துணுக்குகள் முன்னால் தள்ளப்படும். மேலும், அவ்வளவு பருமனான குழாயை நுழைக்கத் துளையும் பெரிதாக வேண்டும். மெலிந்த நிலையில் உள்ளே போய், வேண்டிய இடத்தில் மட்டும் பருத்து, மறுபடி மெலிந்து வெளியே வரும் பொருள் ஒன்று இருந்தால்? பலூன்தான் அது. ஆனால் கடையில் விற்கும் ரப்பர்ப் பலூனை ஊதிப் பாருங்கள். எந்தப் பக்கம் இளக்கமோ அந்தப் பக்கமாகப் புடைக்கும். இறுகிய அடைப்புக்கு நடுவில் வைத்து ஊதினால் அடைப்பை விட்டுவிட்டு, நல்ல சுவர் இருக்கும் இரு பக்கங்களிலும் வீங்கி, அதைக் கிழித்துவிடும். குருன்ட்சிக்குக்குத் தேவைப்பட்டது வேறு விதமான பலூன். நீள உருண்டை வடிவம். குறித்த அளவு வரையில் விரிந்து, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் விரிய மறுப்பது. காரின் டயரில் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தையும் வெடிக்காமல் தாங்குவது. இவ்வளவுக்கும் சுருங்கிய நிலையில் குழாயோடு குழாயாக ஒட்டிக் கிடப்பது.

இதற்கு எந்தப் பொருள் ஏற்றது என்று யாருக்கும் தெரியவில்லை. சூரிக்கில் ஓய்வு பெற்ற இரசாயனப் பேராசிரியர் ஹாப் என்பவரைத் தேடிப்போய்க் கேட்டார். பி.வி.சி.யை முயன்று பார்க்கும்படி அந்தப் பெரியவர் சொன்னார். நம் வீட்டு மின்சாரக் கம்பிக்கு மேலுறையாக இருக்கிறதே, அந்தப் பிளாஸ்டிக் வகைதான்.

ஆய்வுக்கூடம், பணம் எதுவும் அவருக்கு ஒதுக்கப்படவில்லை. பகலில் ஆஸ்பத்திரி வேலை. மாலையில் வீட்டுச் சமையலறை மேசைதான் பட்டறை. மேசையைச் சுற்றி நான்கு பேர்: குருன்ட்சிக், அவர் மனைவி மிக்காயேலா, ஆஸ்பத்திரியில் அவருக்கு உதவியாளராக இருந்த மரியா ஷ்லும்ஃப், மரியாவின் கணவர் வால்ட்டர். பி.வி.சி. குழாயின் சிறு துண்டுகள், சவரப் பிளேடு, நூல், பசை, இவைதாம் சாமான்கள். குழாயைச் சூடாக்கி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, ஓரிடத்தில் மட்டும் புடைக்கச் செய்ய வேண்டும். சூடு கூடினால் உருகிவிடும், குறைந்தால் புடைக்காது. பிளேடால் கண்ணுக்குத் தெரியாத துளை போட்டு, நூலால் இறுக்கிக் கட்டி, கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கசிந்தது, அல்லது வெடித்தது. சாப்பாட்டு வேளையில் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பிறகு மறுபடியும் பரப்புவார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் இப்படிக் கழிந்தது. பூத்தையல் வகுப்பில் நூல் அறுந்தவுடன் துணியைத் தூக்கி எறியும் சில பேரை எனக்குத் தெரியும். மரியா ஷ்லும்ஃப் எத்தனை நூறு பலூன்களைக் கட்டி, எத்தனை நூறைக் குப்பையில் போட்டிருப்பார் என்று நான் அவர்களுக்காக எண்ணிப் பார்ப்பதுண்டு.

1974 பிப்ரவரி 12 அன்று அந்த மேசையில் செய்த பலூன் முதன்முதலாக ஒரு நோயாளியின் கால் தமனிக்குள் போயிற்று. நடக்கவே முடியாமல் இருந்தவர் நடந்தார். அடுத்த ஆண்டு குருன்ட்சிக் அதைத் திருத்தி அமைத்தார். ஒரே குழாய்க்குள் இரண்டு வழிகள். ஒன்று பலூனை ஊத. மற்றொன்று முனையில் இரத்தத்தின் அழுத்தத்தை அளக்கவும் சாயத்தைச் செலுத்தவும். அடைப்புக்கு இப்புறமும் அப்புறமும் அழுத்தம் என்ன, ஊதிய பின் வித்தியாசம் எவ்வளவு குறைந்தது என்பதை இதனால் எண்ணிக்கையில் காண முடிந்தது. வெறுமே திருப்திப்படாமல் அளந்து பார்க்கும் குணம் அவரிடம் கடைசி வரை இருந்தது.

காலில் வெற்றி கண்டார். ஆனால் அவர் கண் தொடக்கத்திலிருந்தே இருதயத்தின் மேல் இருந்தது. கால் தமனி சுண்டுவிரல் பருமன் என்றால், இருதயத் தமனி நான் முன்னே சொன்ன ரீஃபில். அதிலும் ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் அடைத்துவைத்தால் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. சக டாக்டர்களில் பலர் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். கை கொடுத்தவர், நாம் எதிர்பாராத ஒருவர்: இருதய அறுவைத் துறைத் தலைவர் ஓக்கே சென்னிங். 1958இல் ஸ்வீடனில் ஒரு மனிதரின் உடம்புக்குள் முதல் பேஸ்மேக்கரை வைத்தவர் இவரே. குருன்ட்சிக்கின் பலூன் வெற்றி பெற்றால், அறுவைக்கு வருகிற நோயாளிகள் குறைவார்கள். அது தெரிந்தும் சென்னிங் தடை சொல்லவில்லை. தம் துறையைச் சேர்ந்த மார்க்கோ துரினாவை அவரோடு சேர்த்துவிட்டார். இருவரும் நாய்களின் இருதயத் தமனியை நூலால் இறுக்கிக் குறுக்கிவிட்டு, பிறகு பலூனால் விரித்துப் பார்த்தனர். இந்தச் சோதனைகளின் படங்களை 1976 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த இருதய மருத்துவர் மாநாட்டில் ஒரு தட்டியில் ஒட்டிவைத்தார் குருன்ட்சிக். வந்தவர்களில் பெரும்பாலோர் இது மனிதனிடம் நடக்காது என்று தலையசைத்துவிட்டுப் போனார்கள். நின்று கவனித்த சிலரில் சான்பிரான்சிஸ்கோவின் ரிச்சர்டு மைலர் ஒருவர். 1977 மே மாதம் அங்கேயே, மார்பைத் திறந்து அறுவை நடக்கும்போதே, பலூனை உள்ளே செலுத்தி அது பாதுகாப்பானதா என்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

அவசரப்பட்டிருந்தால் ஓராண்டுக்கு முன்பே யாராவது ஒரு நோயாளியிடம் அவர் முயன்றிருக்கலாம். அவர் காத்திருந்தார். ஒரே தமனியில், தொடக்கத்திலேயே, சிறிய நீளத்தில், இறுகிப்போகாத அடைப்பு உள்ளவராக வேண்டும். முதல் ஆள் இறந்தால் அந்த ஆளோடு இந்த வைத்தியமும் இறந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அப்படி ஒருவர் 1977 செப்டம்பரில் வந்தார். இன்ஷூரன்ஸ் வேலை பார்த்தவர்; கிட்டத்தட்ட குருன்ட்சிக்கின் வயதே. மறுநாளோ அதற்கடுத்த நாளோ மார்பைப் பிளந்து அறுவை செய்வதாக இருந்தது. குருன்ட்சிக் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, இதுவரை உலகில் எவருக்கும் செய்யாததைச் செய்யப் போகிறேன் என்பதை மறைக்காமல் விளக்கினார். தோல்வியுற்றால் உடனே அறுவை செய்ய சென்னிங்கின் குழு தயாராக நிற்கும் என்றும் சொன்னார். நோயாளி சம்மதித்தார். செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. தொடையிலிருந்து குழாய் மேலே ஏறியது. பலூன் அடைப்பைத் தொட்டது. ஊதினார்கள். அறையில் எல்லாரும் இருதயத் துடிப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். துடிப்புத் தவறவில்லை, மார்வலி வரவில்லை. அழுத்தம் இன்னும் முழுவதும் சீராகவில்லை என்று கண்டு இரண்டாம் முறை ஊதினார். அழுத்த வித்தியாசம் போயே போய்விட்டது. நோயாளி விழித்தபடியே படுத்திருந்தார். வெளியே காத்திருந்த அறுவைக் குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த ஆண்டின் மாநாட்டில் குருன்ட்சிக் முதல் நான்கு நோயாளிகளின் படங்களைக் காட்டியபோது, சென்ற ஆண்டு தலையசைத்துப் போன அதே கூட்டம் பேச்சு முடிவதற்குள் கைதட்டத் தொடங்கியது. இருதயத் தமனிகளை முதன்முதலில் எக்ஸ்ரே படத்தில் காட்டிய மேசன் சோன்ஸ் கண்கலங்கினார் என்பார்கள்.

எனக்கு இந்தக் கைதட்டலைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பின் அவர் செய்தது. புகழ் வந்ததும் தம் வெற்றிகளை மட்டும் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். 1979இல் முதல் 50 நோயாளிகளின் கணக்கை அவர் பத்திரிகையில் வெளியிட்டார். 32 பேருக்குப் பலித்தது. 18 பேருக்குப் பலிக்கவில்லை. அவர்களுள் 5 பேருக்கு அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தது. எல்லாவற்றையும் எழுதினார். பரீட்சைத் தாளில் தவறிய கேள்விகளையும் சேர்த்து அம்மாவிடம் காட்டுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வைத்தியத்தைக் கற்க விரும்பியவர்களைச் சூரிக்குக்கு வரவழைத்து, 1978 முதல் தொலைக்காட்சி வழியாக நேரடியாகக் காட்டினார். நோயாளி மேசையில் இருக்க, பக்கத்து மண்டபத்தில் டாக்டர்கள் திரையில் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். தோற்றால் எல்லார் முன்னிலையிலும் தோற்க வேண்டும். பயிற்சி பெறாத கைகளுக்குத் தம் பலூன் போய்விடக் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். சூரிக்கில் அதைத் தயாரித்த ஷ்னைடர் என்ற சிறிய நிறுவனத்திடமிருந்து யார் யாருக்குப் போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டார். உலகம் முழுவதும் செய்யப்படுபவற்றின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் பதியவேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் அவர் முக்கியமானவர்.

சூரிக்கில் அவருக்குக் கிடைத்த கட்டில்கள் சில. எக்ஸ்ரே அறையும் வாரத்தில் சில மணி நேரமே கிடைத்தது. 1980இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகம் அழைத்தது, போனார். மிக்காயேலாவுடனான மணவாழ்க்கை நிலைக்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் மார்கரெட் ஆன் என்ற மருத்துவப் பெண்மணியை மணந்தார். எமரியில் ஐந்தாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அவர் கையால் வைத்தியம் பெற்றனர். கற்க வந்தவர்களும் திரளாக வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வழியாகத்தான் இந்தக் கதை நம் பக்கம் வருகிறது. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், குருன்ட்சிக்கிடம் கற்ற வித்தையை 1980களின் நடுவில் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று டாக்டர்கள் அவரை அழைத்தனர். 2025 ஏப்ரலில் அவர் காலமானார். பென்னலூரிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகச் சென்னை ஆஸ்பத்திரிகளுக்கு மார்வலியோடு போய்ச் சுகமாகத் திரும்பிவந்த நம் பெற்றோர் பலருக்கும் சூரிக்கின் அந்தச் சமையலறைக்கும் இடையில் உள்ள தொடர்பு இவ்வளவு கிட்டத்தில்தான் இருக்கிறது.

பலூன் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. விரித்த இடம், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, சில மாதங்களில் மறுபடி குறுகியது. குருன்ட்சிக் இதையும் முன்கூட்டியே சொல்லி எச்சரித்தார். விரித்த சுவர் மறுபடி சரியாமல் இருக்க, கிணற்றுக்கு உறை இறக்குவதைப் போல, உள்ளே ஒரு கம்பி வலையை நிறுத்தினால் என்ன? அதுவே ஸ்டென்ட். 1986இல் பிரான்சின் துலூஸ் நகரிலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் அது மனிதரின் இருதயத் தமனியில் முதலில் வைக்கப்பட்டது. அந்த வலையைச் சுருக்கி இடுக்கு வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனமாக குருன்ட்சிக்கின் பலூனே இன்றுவரை பெரும்பாலும் பயன்படுகிறது. 2002இல் பிரான்சின் ரூவன் நகரில் அலென் கிரிபியே என்பவர் ஒரு முழு இருதய வால்வையே பலூனின் மேல் மடித்துவைத்து, மார்பைத் திறக்காமல், தொடைக் குழாய் வழியாகவே கொண்டுபோய்ப் பொருத்தினார். பிறவியில் இருதயச் சுவரில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்கும், குடைபோல் விரியும் சிறு மூடியை இப்படியே குழாயில் அனுப்பி அடைக்கிறார்கள். மார்பில் தழும்பே இல்லாமல் அந்தப் பிள்ளைகள் கபடி விளையாடுகிறார்கள்.

விலையைப் பற்றியும் பெற்றோர் அறிய வேண்டும். நம் நாட்டில் மருந்து பூசிய ஸ்டென்ட் லட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற காலம் ஒன்று இருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு உச்சவரம்பு விதித்தது: மருந்து பூசியதற்கு ரூ. 29,600, வெறும் உலோகத்துக்கு ரூ. 7,260. பிறகு அவ்வப்போது சிறு மாற்றங்கள் வந்தன. நம் ஊருக்கு அடுத்த ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே 350 ஏக்கரில் ஒரு தொழிற்பூங்காவை சிப்காட் வகுத்திருக்கிறது. கார், டயர், கண்ணாடி என்று பெரிய பொருள்களையே பார்த்துப் பழகிய இந்தச் சாலையில், ரீஃபில் பருமனுள்ள குழாயும் ஒரு தொழில்தான் என்பதைப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்கும் சூடும் அழுத்தமும் அறிந்த விரல்கள் அதற்கு வேண்டும்.

குருன்ட்சிக் ஸ்டென்டைக் காணவில்லை. 1985ஆம் ஆண்டு இந்தத் துறைக்குச் சாபம்போல் வந்தது. பிப்ரவரியில் டாட்டர் மறைந்தார். ஆகஸ்டில் சோன்ஸ் மறைந்தார். அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஜார்ஜியா மாநிலத்துக் கடற்கரையில் இருந்த தம் வீட்டிலிருந்து, தம் சொந்த விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு, குருன்ட்சிக் மனைவியுடன் அட்லாண்டாவுக்குப் புறப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. வானிலையோ மிக மோசம். புயல் மழை மேகம் தாழ இறங்கியிருந்தது. வழியில் ஃபார்சைத் என்ற ஊருக்கு அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. இருவரும் மாண்டனர். அவருக்கு வயது 46. அவர் மனைவிக்கு 29.

ஒரு நோயாளிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர், அறுவைக் குழு வாசலில் நிற்காமல் பலூனைத் தொடாதவர், ஒரு மேகம் விலகும் வரை காத்திருக்கவில்லை. அவருடைய தந்தை மேகத்தைப் படித்துச் சொல்வதையே வேலையாகக் கொண்டிருந்தவர். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரை நேசித்த மாணவர்களும் பல ஆண்டுகள் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1987இல், முதல் பலூன் வைத்துப் பத்தாண்டு நிறைந்தபோது, அந்த முதல் நோயாளி சுவிட்சர்லாந்திலிருந்து அட்லாண்டாவுக்குப் போனார். குருன்ட்சிக் வேலை பார்த்த அதே எமரி ஆஸ்பத்திரியில் அவருடைய நண்பர்கள் மறுபடி குழாய் செலுத்திப் படம் எடுத்தார்கள். பத்தாண்டுக்கு முன் விரித்த இடம் திறந்தே இருந்தது. 2000ஆம் ஆண்டில், 23 வருடம் கழித்து, மீண்டும் பார்த்தார்கள். அப்போதும் திறந்தே இருந்தது.